பின் நம்பர் பிளேட்டுக்கு இரண்டு துளை

அக்காவின் வேனில் பின் கதவு மட்டும்தான் புதிது. மற்றதெல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்து, பிறகு எங்களிடம் விற்றது. மூன்று வாரத்துக்கு முன்னால் சித்தூர் மாங்காய் மண்டியில் ரிவர்ஸ் எடுத்தபோது, பின்னால் நின்ற டிராக்டரின் கொக்கி கதவுக்குள் ஒரு சாண் நுழைந்துவிட்டது. கதவோடு சேர்ந்து நம்பர் பிளேட்டும் அப்பளம் போல மடங்கிப் போயிற்று. டிங்கரிங் கடைக்காரர் பழைய தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, வெள்ளை பெயின்ட் அடித்துக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. நான் அதில் என் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த வாரம் சிரிக்க நேரமில்லை.

கங்காதர நெல்லூர் பக்கத்தில் இருக்கும் ஒரு மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் சீசன் தொடங்கப் போகிறது. பழம் நறுக்கப் போகிற பெண்கள் வெதுருகுப்பம் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள். போன வருடம் வந்த டிரைவர் வழியெல்லாம் கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினான் என்று, இந்த வருடம் பெண் டிரைவர் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். செவ்வாய்க்கிழமை முதல் நடை. ஆனால் வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்.சி. பேப்பர் திங்கள் சாயங்காலத்துக்குள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சீசன் முழுக்க வேறு வண்டி. எஃப்.சி. பார்க்கத் திங்கட்கிழமை சித்தூரில் நேரம் கொடுத்திருந்தார்கள். பின்னால் நம்பர் பிளேட் இல்லாத வண்டியைச் சோதனை மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

பிளேட்டுக்கு ஆன்லைனில் பதிவு செய்தது நான். நான் திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்கிறேன், ஹாஸ்டலில் இருக்கிறேன். அதனால் பிளேட் பொருத்தித் தரும் திருப்பதி மையத்தையே தேர்ந்தெடுத்தேன். சனிக்கிழமை காலை பிளேட் வந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஞாயிறு விடுமுறை, சனிக்கிழமை மதியம் ஒரு மணி வரைதான் மையம் திறந்திருக்கும். அக்கா பின் கண்ணாடியில் வெள்ளைத் தாளில் நம்பரை எழுதி ஒட்டிக்கொண்டு, யாராவது நிறுத்தினால் காட்ட ரசீதை மடியில் வைத்துக்கொண்டு, சித்தூரிலிருந்து ஓட்டி வந்து சேர்ந்தாள். அப்போது மணி பதினொன்றரை.

அந்தப் பிளேட்டை நான் கையில் வாங்கிப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். மஞ்சள் தகடு, கருப்பு எழுத்து. தூரத்திலிருந்து எல்லா வாடகை வண்டியிலும் இருப்பதுதான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது வேறு ஒரு பொருள். எழுத்துகளின் மேல் சாய்வாக நாட்டின் பெயர் பொடி எழுத்தில் ஓடுகிறது. இடது மூலையில் ஒரு சக்கரம். தகட்டைச் சாய்த்தால் நீலமாகிறது, நிமிர்த்தினால் வெள்ளியாகிறது. கீழே, கண்ணுக்கு மிக அருகில் கொண்டுவந்தால் மட்டும் தெரிகிற அளவில், லேசரால் பொறித்த இன்னொரு எண். இந்த நாட்டில் ஓடுகிற எத்தனையோ வண்டிகளில் எதற்கும் இந்த எண் இல்லை, எங்கள் வேனுக்கு மட்டும்தான். நான் அதைச் சாய்த்து நிமிர்த்தி, சாய்த்து நிமிர்த்தி நின்றேன்.

“அத்த இன்னாத்துக்குடி விசிறி மாதிரி ஆட்டிக்கினு கீற? குடு இங்க” என்று அக்கா பிடுங்கி, மையத்தில் பிளேட் பொருத்துகிறவரிடம் கொடுத்தாள்.

அவர் தெலுங்குக்காரர். தமிழ் பாதி, தெலுங்கு பாதி. முப்பத்தைந்து வயதிருக்கும். வேனின் பின்னால் குனிந்தவர், கதவைத் தடவிப் பார்த்து நிமிர்ந்தார்.

“ஏம்மா, ஹோல் ஏது?”

“எந்த ஹோல்ணா?”

“பிளேட் மாட்ட ஹோல் வேணும் கதா? புதுத் தகடு, ஒரு ஹோல் கூட லேதே!”

அக்கா டிங்கரிங் கடைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அந்த ஆள், “ஹோலு பிளேட்காரங்கதாம்மா போடுவாங்க” என்றார். பொருத்துகிறவர் போனைப் பார்த்துக் கும்பிட்டார். “நாங்க மாட்றவங்க சாமி. ஓட்ட போடறவங்க இல்ல.”

பக்கத்தில் சீட் கவர், ஸ்டிக்கர் விற்கும் கடை இருந்தது. டிரில் மெஷின் அங்கேதான். துளை போடுகிற ஆள் சாப்பிடப் போயிருக்கிறார், முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவார் என்றார்கள்.

முக்கால் மணி நேரம்! எனக்கு ஐந்து நிமிடம் சும்மா நின்றாலே கால் அரிக்கும். நான் காலேஜ் ஒர்க்ஷாப்பில் எத்தனை துளை போட்டிருக்கிறேன்! “மெஷின மட்டும் குடுங்க, நானே போட்டுக்கறேன்” என்றேன். கடைக்காரர் என்னை ஒரு முறையும் அக்காவை ஒரு முறையும் பார்த்துவிட்டு, “பெயின்ட் பேந்தா எங்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது” என்று எடுத்துக் கொடுத்தார்.

“தெரியுமாடி உனக்கு?” அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அக்கா, இது மில்லிமீட்டர் சமாச்சாரம். நீ அந்தப் பக்கம் போய் டீ குடி.”

அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். என் போனில் மட்டம் பார்க்கிற ஆப் இருக்கிறது. பிளேட்டைப் பச்சை டேப்பால் கதவில் ஒட்டினேன். அதன் மேல் விளிம்பில் போனை நிறுத்தினேன். திரையில் குமிழி ஓடி, ஆடி, நடுவில் நின்றது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம். அந்த எண் பச்சையாக மாறியபோது மனசு குளிர்ந்தது. ஆணியால் இரண்டு புள்ளி குத்தினேன். பிளேட்டை எடுத்துவிட்டு, டிரில் வழுக்காமல் இருக்கப் புள்ளிகளின் மேல் டேப் ஒட்டினேன். வலது துளை. பிறகு இடது துளை. வெள்ளை பெயின்ட் சுருள் சுருளாக வந்தது. துளையைச் சுற்றி ஒரு இடத்தில் கூடப் பெயரவில்லை. எதிர் டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்களில் ஒருவர், “பரவால்லியே பாப்பா” என்றார். அந்த வார்த்தையை நான் முழுசாக நம்பினேன்.

பொருத்துகிறவர் பிளேட்டைத் துளைகளின் மேல் வைத்து, இரண்டு பூட்டு ஆணிகளைச் செருகினார். இந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது. சாதாரணத் திருகு இல்லை. சுத்தியலால் அடித்து உள்ளே இறக்கியதும் முனை விரிந்துகொள்ளும். பிறகு திரும்பி வராது. கழற்ற வேண்டுமென்றால் உடைக்க வேண்டும், உடைத்தால் பிளேட்டும் போகும். திருட்டுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. பிளேட்டோடு இரண்டே இரண்டு பூட்டு வரும். பிளேட் போனால் மறுபடி பதிவு, மறுபடி வாரக்கணக்கில் காத்திருப்பு.

“ஒக்கசாரி போட்டா அந்தேம்மா. அப்புறம் தேவுடு வந்தாலும் கழட்ட முடியாது” என்று சொல்லிக்கொண்டே அவர் சுத்தியலை ஓங்கினார்.

“இரு இரு இரு!”

அக்கா டீ கிளாஸோடு எதிர்ப்புறத்திலிருந்து ஓடி வந்தாள். டீ சிந்தியது. பூட்டின் தலைமேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

“கோணலா கீது.”

“என்னது?”

“எடது பக்கம் ஏறிக்கினு கீதுடி.”

“அக்கா, போன்ல ஜீரோ காட்டுச்சு. ஜீரோன்னா ஜீரோ.” நான் மறுபடியும் போனை வைத்துக் காட்டினேன். பச்சை. பூஜ்யம் புள்ளி பூஜ்யம். “பாரு!”

“போன நான் பாக்கல. வண்டியப் பாக்கறேன்.”

டீக்கடையில் நின்றிருந்த ஆட்டோக்காரர்கள் இப்போது நடுவர்களாகிவிட்டார்கள். ஒருவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ஆமாம்மா, எடம பக்கம் தூக்கல்.” இன்னொருவர் ஒரு கண்ணை மூடினார். “ஒரு சுண்டு விரல் கனம் தூக்கல்.” ஹெல்மெட்டோடு வரிசையில் காத்திருந்த ஒரு பெண், யாரும் கேட்காமலே, “சரிகா லேதண்டி, சரியில்ல” என்றார். டீக்கடைப் பக்கத்தில் பூ விற்கிற அம்மாவும் கூடை மேலிருந்து நிமிர்ந்து, “கோணல்தான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குனிந்து பூ கட்டத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு அழுகை முட்டியது. கோபத்தில்தான். இத்தனை பேர் கண்ணும் ஒரு பக்கம், என் போன் ஒரு பக்கம். பொருத்துகிறவர் சுத்தியலோடு நிற்கிறார். அவருக்கு இன்னும் ஏழெட்டு வண்டி காத்திருக்கிறது. “போடவா, வத்தா? வேணாமா?” என்றார். “போடுங்கண்ணா” என்று என் வாய் வரை வந்துவிட்டது. அக்காவின் கை பூட்டின் மேல் இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

கோபத்தில் போனை வேனின் பின் பம்பர் மேல் பட்டென்று வைத்தேன். யாரையோ தோற்கடிக்க வேண்டும் போல் இருந்தது. குமிழி ஓடியது. நடுவுக்கு வரவில்லை. ஒன்று புள்ளி எட்டு என்று சிவப்பில் நின்றது.

எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். ஒன்று புள்ளி எட்டு.

பிறகுதான் குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன். ரோடு நடுவில் உயர்ந்து, ஓரத்தில் சாக்கடையை நோக்கிச் சரிகிறது. மழைத் தண்ணீர் ஓட அப்படித்தான் போடுவார்கள். வகுப்பில் படமே போட்டுக் காட்டியிருக்கிறார்கள், நான் பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஓரமாக நிறுத்திய எங்கள் வேனின் இடது சக்கரங்கள் இரண்டும் அந்தச் சரிவில் நின்றன. வண்டியே இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. நானோ பிளேட்டைப் பூமிக்கு மட்டமாக வைத்திருக்கிறேன். போன் பொய் சொல்லவே இல்லை. வண்டியின் மட்டம் வேறு, மண்ணின் மட்டம் வேறு.

அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெட்கத்தில் இல்லை, வெட்கம் பிறகு வந்தது. எந்தக் கருவியும் இல்லாமல், டீ குடித்துக்கொண்டே, பூ கட்டிக்கொண்டே, பதினைந்து அடி தூரத்திலிருந்து இத்தனை பேர் ஒன்றே முக்கால் டிகிரியைப் பார்த்துவிட்டார்கள்! அவர்கள் கண் ரோட்டின் சரிவைத் தானே கழித்துவிட்டு, விளக்குக்கும் கதவுக்கும் பிளேட்டுக்கும் இருக்கிற உறவை மட்டும் பார்த்திருக்கிறது. எப்படிக் கழித்தது? எந்த இடத்தில் அந்தக் கணக்கு நடந்தது? கேட்டால் அவர்களுக்கே தெரியாது. பூக்கார அம்மாவிடம் நிஜமாகவே கேட்டேன். “கண்ணு கூசுச்சு, சொன்னேன்” என்றாள்.

“அக்கா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ஆறு வருசம் நகரியில பவர்லூம்ல நின்னவடி நானு. கரை கோணலா ஓடுச்சின்னா புடவைய மடிக்கிறதுக்குள்ள மேஸ்திரி மானத்த வாங்கிடுவாரு. இப்ப அத்த வுடு. இத்த இன்னா பண்றது?”

அவள் குரலில் திட்டு இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. புதுக் கதவில் நான் போட்ட இரண்டு துளை, கையில் இரண்டே பூட்டு, மணி பன்னிரண்டரை.

நல்லவேளையாகப் பூட்டுகள் வெறுமனே செருகித்தான் இருந்தன, முனை விரியவில்லை. பொருத்துகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக இழுத்து எடுத்தார். நான் கணக்குப் போட்டேன். வலது துளையை அப்படியே வைத்துக்கொண்டு இடது துளையை மட்டும் ஒரு சுண்டு விரல் கனம் கீழே இறக்கினால் போதும். ஆட்டோக்காரர் சொன்ன அதே சுண்டு விரல் கனம்! பழைய துளை பிளேட்டுக்கு அடியில் மறைந்துவிடும். ஆனால் புதுத் துளையின் இடம் சரியாக எங்கே? இந்த முறை போனை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

அக்கா பூக்கார அம்மாவிடம் போய், “ஆயா, நாலு மொழம் நூலு குடு” என்றாள்.

“பூவா?”

“வெறும் நூலு.”

“வெறும் நூலுக்கு இன்னா ரேட்டுன்னு எனக்கே தெரியாதே” என்று சிரித்தபடி அவள் நூல்கண்டிலிருந்து அறுத்துக் கொடுத்தாள். அக்கா வேனின் டாஷ்போர்டிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். நூலைக் குங்குமத்தில் போட்டுக் கசக்கி, இரண்டு விரலால் நீவினாள். வெள்ளை நூல் சிவப்பானது.

இரண்டு பின் விளக்குகளின் அடி மூலைதான் அவளுக்கு ஆதாரம். “வண்டி செஞ்சவன் வெளக்க கோணலா வெச்சிருக்க மாட்டான்” என்றாள். அடி மூலையிலிருந்து வலது துளையின் உயரத்துக்கு விரலை அடுக்கி அளந்தாள். மூன்று விரல். இடது பக்கம் நான் என் மூன்று விரலை வைத்தேன்.

“எடு கைய. உன் வெரலு பென்சிலு, என் வெரலு வெண்டக்கா. ரெண்டும் ஒண்ணாடி?”

வந்து தன் விரலையே வைத்து அளந்தாள். நான் இடது முனையைப் பிடித்துக்கொண்டேன், அவள் வலது முனையை. நூல் கதவின் குறுக்கே விறைத்து நின்றது. பொருத்துகிறவர் விளையாட்டில் சேர்ந்துகொள்கிறவர் போல வந்து, நடுவில் இரண்டு விரலால் நூலை இழுத்து விட்டார்.

டப்.

நூலை எடுத்தோம். வெள்ளைக் கதவில் ஒரு சிவப்புக் கோடு. மயிரிழை போல, விளக்கிலிருந்து விளக்கு வரை, ஒரு இடத்திலும் தடுமாறாமல். அது என் வலது துளையின் நடுவைத் தொட்டுக்கொண்டு போய், இடது துளைக்குக் கீழே, சரியாக ஒரு சுண்டு விரல் கனம் தள்ளிப் போயிற்று. என் தவறு அங்கே அளந்து வைத்தது போல் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காலேஜில் ஆயிரம் கோடு போட்டிருக்கிறேன். எந்தக் கோட்டையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

“வெனக பக்கம் பூஜையா? முன்னாடி இல்லியா?” என்று வழியில் போன ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

சாப்பிடப் போனவர் அதற்குள் வந்துவிட்டார். டிரில்லை அவரிடம் நீட்டினேன். அக்கா என் கையைத் தள்ளினாள்.

“நீயே போடு.”

“வேணாம்க்கா.”

“மொதல் ரெண்டும் பெயின்ட் பேராமதானே போட்ட? எடம்தான் தப்பு, கை தப்பில்ல. போடு.”

கோட்டின் மேல் புள்ளி குத்தி, டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். பழைய துளைக்கும் புதியதற்கும் நடுவில் தகடு ஒரு நெல் அகலத்துக்கு மட்டும் மிச்சமிருந்தது. அது கிழியவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க, பொருத்துகிறவர் இரண்டு நிறப் பசையைப் பிசைந்து பழைய துளையை அடைத்தார். அவராகவே. நாங்கள் கேட்கவில்லை.

பிளேட்டை வைத்ததும் இந்த முறை யாரும் சொல்லாமலே எல்லாரும் எதிர்ப்புறத்துக்குப் போய் நின்றோம். நான், அக்கா, ஆட்டோக்காரர்கள், அந்த ஹெல்மெட் பெண். ஒரு கண்ணை மூடிப் பார்த்தவர் இந்த முறை இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தார். பூக்கார அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குனிந்தாள்.

“போடுங்கண்ணா” என்றாள் அக்கா.

கடக். கடக்.

அக்கா மீந்த குங்குமத்தை விரலில் எடுத்துக்கொண்டு பிளேட்டை நோக்கிப் போனாள். பொருத்துகிறவர் குறுக்கே கையை நீட்டினார். “நம்பர் மேல வத்தம்மா! பொட்டு வெச்சா மூணு எட்டாயிடும், எட்டு என்னவாகும்னு அந்த சாமிக்குதான் தெரியும். மலைக்குப் போற வழியில அலிபிரி செக்போஸ்ட் கேமரா பாவம்.” அக்கா சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவை. பொட்டை என் நெற்றியில் வைத்துவிட்டு, துணியில் பெட்ரோல் தொட்டுக் கதவில் மீதியிருந்த சிவப்பைத் துடைத்தாள். பிளேட்டுக்கு அடியில் இருக்கிற கோடு மட்டும் அங்கேயே இருக்கிறது.

திங்கட்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் சித்தூருக்குப் போனேன். மைதானத்தில் எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள். எல்லாவற்றின் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். கம்பியால் கட்டியது, ஒரு பக்கம் தொங்குவது, எழுத்தின் நடுவிலேயே திருகு இறங்கியது. அதுவரை என் வாழ்நாளில் இவற்றில் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார். விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர். அக்காவை ஓட்டச் சொல்லி, திடீரென்று பிரேக் போடச் சொன்னார். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். பிறகு அவர் பின்னால் வந்தார். அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் அவரையே பார்த்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று, அவர் கண் போகிற இடத்தை மட்டும் பார்த்தேன். அவர் டேப்லெட்டைத் தூக்கிப் பின்பக்கத்தைப் படம் எடுத்தார். நம்பரை ஒரு முறை வாய்க்குள் படித்தார். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஒரு நொடி கூட இருக்காது. எங்களுடைய ஒன்றரை மணி நேரத்தை அந்தக் கண் தடங்கலே இல்லாமல் கடந்து போயிற்று. ஓடிப் போய், “சார், இன்னொரு தடவை பாருங்க” என்று சொல்லலாமா என்றிருந்தது.

மூன்று மணிக்கு அக்காவின் போனில் எஃப்.சி. பேப்பர் வந்தது. மைதானத்துக்கு வெளியே புளியமரத்து நிழலில் வேனை நிறுத்திவிட்டு, அவள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வந்துடுச்சி சார். இப்பதான். ஆமா சார், நாளைக்கே. ஆறு மணிக்கு வெதுருகுப்பத்துல நிப்பேன்.”

“சரிம்மா. கேட்ல என்ட்ரி போடணும். வண்டி நம்பர் சொல்லு.”

அந்த நம்பர் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இருந்தும் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, வேனைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். போனைக் காதில் வைத்தபடி குனிந்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து வைத்து, இங்கிலீஷில் நிதானமாகப் படித்தாள்.

“போதும்மா, எழுதிக்கினேன்” என்றது போன்.

“இன்னொருவாட்டி சொல்றேன், செக் பண்ணிக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு, அக்கா முதல் எழுத்துக்கு விரலைக் கொண்டுபோனாள்.